வானத்தின் படங்கள்: எது மெய், எது நிறம்?

"தேவனுடைய கண்" என்ற தலைப்போடு ஒரு படம் உங்கள் கைக்கும் வந்திருக்கக்கூடும். நடுவே நீலம், அதைச் சுற்றிச் செம்பொன் வளையம், வளையத்தின் விளிம்பில் இமைமயிரைப் போன்ற மெல்லிய கோடுகள். கரிய வானத்திலிருந்து யாரோ நம்மை உற்றுநோக்குவதைப் போன்ற தோற்றம். இருபது ஆண்டுகளுக்கு முன் மின்னஞ்சலில் சுற்றத் தொடங்கிய அந்தப் படம் பிறகு வாட்ஸ்அப் குழுக்களுக்குள் நுழைந்தது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை மாத்திரமே நிகழும் அதிசயம் இது என்றும், பார்த்தவர்கள் உடனே மற்றவர்களுக்கும் அனுப்பவேண்டும் என்றும் அதன்கீழ் எழுதியிருக்கும். நல்ல மனதோடுதான் பலரும் அதை அனுப்பினார்கள்.

படத்தில் இருப்பதன் பெயர் ஹெலிக்ஸ் நெபுலா. கும்ப மண்டலத்தில், நம்மிடமிருந்து சுமார் 650 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. நமது சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம், எரிபொருள் தீர்ந்துபோகும் காலத்தில், தன் வெளிப்புற வாயுவை உதறித் தள்ளிவிட்டது. நடுவே எஞ்சிய வெப்பமான கரு அந்த வாயுவை ஒளிரச் செய்கிறது. ஜெர்மானிய வானியலாளர் கார்ல் லுட்விக் ஹார்டிங் 1824-ஆம் ஆண்டளவிலேயே இதைக் கண்டு குறித்துவைத்தார். அன்றுமுதல் அது அதே இடத்தில்தான் இருக்கிறது. அக்டோபர் மாதத்து முன்னிரவில், இருண்ட இடத்திலிருந்து தொலைநோக்கி வைத்திருக்கும் எவரும் அதை ஆண்டுதோறும் பார்க்கலாம். அந்தப் புகழ்பெற்ற படம், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள கிட் பீக் தொலைநோக்கியும் எடுத்தவற்றைச் சேர்த்து 2003-ஆம் ஆண்டு மே மாதம் வெளியிடப்பட்டது.

ஆக, கதை பொய். ஆனால் கதை பொய் என்று அறிந்தவுடன் நம்மில் சிலர் மறுபக்கமும் சாய்ந்துவிடுகிறோம். "இந்த வானப் படங்கள் எல்லாமே கம்ப்யூட்டரில் வரைந்தவை, நிறம் தீட்டி ஏமாற்றுகிறார்கள்" என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவிடுகிறோம். அதுவும் சரியன்று. வானத்தைச் சிருஷ்டித்தவரைத் துதிப்பதற்கு நமக்குப் பொய்க்கதை தேவையில்லை. அதற்காக மெய்யான படத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. அந்தப் படங்கள் எப்படி உருவாகின்றன என்பதை அறிந்துகொண்டால், எது மெய், எது நிறம் என்று நாமே பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கண் செய்ய இயலாத வேலை

இருட்டில் நமது கண்மணி விரிந்து திறந்தாலும் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் திறப்பதில்லை. அந்தச் சிறு வாசல் வழியே வரும் ஒளியை நமது கண் ஒரு நொடியின் சிறு பங்குக்கு மாத்திரம் சேர்த்துவைத்து, மூளைக்கு அனுப்பிவிட்டு, அடுத்ததற்குப் போய்விடுகிறது. இல்லையென்றால் சாலையில் வரும் பேருந்து நமக்கு நீண்ட கோடாகத் தெரியும். மேலும், மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் தெரியாது. ஆகவேதான் பெரிய தொலைநோக்கி வழியே நெபுலாவைப் பார்ப்பவர்களும், "சாம்பல் நிறத்தில் புகைபோல் இருக்கிறது, அவ்வளவுதானா?" என்று ஏமாந்துபோகிறார்கள்.

கேமராவோ சேர்த்துவைக்கும். ஷட்டர் திறந்திருக்கும் வரை வருகிற ஒளித்துளிகள் ஒவ்வொன்றும் முன்னே வந்தவற்றோடு போய்ச் சேரும். கூரை ஒழுக்குக்கு அடியில் பாத்திரம் வைப்பதைப் போல. ஐந்து நிமிடத்தில் அடிப்பாகம் நனையும். விடியும்போது பாத்திரம் நிரம்பியிருக்கும். பாத்திரம் தண்ணீரை உண்டாக்கவில்லை.

1850-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஹார்வர்டு வானாய்வகத்தில் வேகா என்னும் நட்சத்திரம் படமெடுக்கப்பட்டது. சூரியனுக்கு அப்பால் ஒரு நட்சத்திரத்தின் முதல் படம் அதுவே. 1880-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி இரவு, அமெரிக்க மருத்துவர் ஹென்றி டிரேப்பர், ஓரியன் நெபுலாவை நோக்கித் தமது தொலைநோக்கியைத் திருப்பி 51 நிமிடங்கள் தகட்டைத் திறந்துவைத்தார். நெபுலா ஒன்று படத்தில் பதிந்தது அதுவே முதல்முறை. திருப்தியடையாத அவர் 1882 மார்ச் மாதம் 137 நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் எடுத்தார். அதே ஆண்டு நவம்பரில், நாற்பத்தைந்து வயதில் இறந்துபோனார். மறு ஆண்டு இங்கிலாந்தில் ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில், அதே தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தபோது தெரியாத நட்சத்திரங்களும் பதிந்திருந்தன. தகடு கண்ணை முந்திவிட்டது.

காத்திருப்பதன் எல்லை எதுவென்று கேட்டால், 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்ததைச் சொல்லவேண்டும். ஹப்பிள் தொலைநோக்கி நிறுவனத்தின் இயக்குநராயிருந்த ராபர்ட் வில்லியம்ஸ், தமது விருப்பத்துக்கென ஒதுக்கப்பட்டிருந்த நேரத்தைப் பயன்படுத்தி, சப்தரிஷி மண்டலத்துக்கு அருகே ஏறக்குறைய ஒன்றுமே இல்லாததாகத் தோன்றிய ஒரு துண்டு வானத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பச் செய்தார். நூறு மீட்டர் தூரத்தில் வைத்த ஒரு டென்னிஸ் பந்து மறைக்கும் அளவே அந்த இடம். கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள கருவியை வெற்றிடத்தின்மேல் வீணாக்குவதா என்ற கேள்வி இருந்தது. பத்து நாட்கள், 342 படங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கியபோது அந்த வெற்றிடத்தில் ஏறக்குறைய மூவாயிரம் விண்மீன் மண்டலங்கள் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் கோடானுகோடி நட்சத்திரங்கள்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

ஹப்பிள் தொலைநோக்கியின் கேமரா கறுப்பு-வெள்ளையில்தான் படமெடுக்கிறது. ஒரே இடத்தை வெவ்வேறு வடிகட்டிகள் வழியே பலமுறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறார்கள். 1995-இல் வெளிவந்து உலகத்தையே வியக்கவைத்த "படைப்பின் தூண்கள்" படத்தில், கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பும், ஹைட்ரஜனுக்குப் பச்சையும், ஆக்சிஜனுக்கு நீலமும் கொடுக்கப்பட்டன. உண்மையில் ஹைட்ரஜனும் கந்தகமும் விடும் ஒளி இரண்டுமே சிவப்புதான். கண்ணுக்கு வேற்றுமை தெரியாது. எங்கே எது இருக்கிறது என்று பிரித்துக் காட்டவே நிறத்தை மாற்றினார்கள். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் இந்திய வரைபடத்தில் கர்நாடகம் மஞ்சளாகவும் மகாராஷ்டிரம் இளஞ்சிவப்பாகவும் இருக்கிறது. அதனால் அந்த வரைபடத்தைப் பொய் என்று நாம் சொல்வதில்லை. எல்லை சரியா என்றுதான் பார்க்கிறோம்.

2021-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஒரு படி மேலே போய், பெரும்பாலும் நம் கண்ணுக்கே எட்டாத அகச்சிவப்பு ஒளியைப் பதிவுசெய்கிறது. "தேவனுடைய கரம்" என்று பெயர் சூட்டி நம்மவர்கள் அனுப்பும் இன்னொரு படம் உண்டல்லவா? 2009-இல் வெளிவந்த அது, சந்திரா எக்ஸ்-ரே தொலைநோக்கி பதிவுசெய்தது. ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தொலைவில், நொடிக்கு ஏழுமுறை தன்னைத்தானே சுற்றும் ஒரு சிறிய நியூட்ரான் நட்சத்திரம் வீசியெறியும் துகள்களே அந்த விரல்களாகத் தோன்றுகின்றன. மருத்துவமனையில் எடுக்கும் எக்ஸ்-ரே படத்தில் நமது எலும்பு எப்படி மெய்யோ, அப்படியே அதுவும் மெய். நீலநிறம் மாத்திரம் மனிதர் கொடுத்தது.

இவை ஒருபுறமிருக்க, மெய்யான படத்துக்குப் பொய்யான விளக்கம் எழுதுவதும் நடக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் தீபாவளி சமயத்தில், "விண்வெளியிலிருந்து தீபாவளி இரவு" என்று பலநிற விளக்குகளோடு இந்தியாவின் படம் ஒன்று வரும். அது ஒரே இரவின் படமன்று. 1992 முதல் 2003 வரை எடுத்த செயற்கைக்கோள் தகவல்களைக் கொண்டு, எந்தெந்தக் காலத்தில் எங்கெங்கே புதிதாக விளக்குகள் பெருகின என்பதை நிறங்களால் காட்டும் படம். இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் இல்லாத நெபுலாவையே உண்டாக்கித் தருகிறது. சில கைபேசிகளில் நிலவைப் படமெடுத்தால், உள்ளே இருக்கும் மென்பொருள் தான் கற்றுவைத்திருக்கும் மேடுபள்ளங்களைத் தானே சேர்த்துவிடுகிறது என்று 2023-இல் பெரிய விவாதமே எழுந்தது. மெய்யான வானப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: எந்தக் கருவி, எந்த இடம், எத்தனை நிமிடம், எந்த வடிகட்டி என்று படத்தோடு சேர்த்து எழுதிவைப்பார்கள். அந்த நான்கும் இல்லாத படத்தை அனுப்புமுன் சற்றுப் பொறுப்பது நல்லது.

ஹான்லேயின் இருள்

சந்திரா தொலைநோக்கிக்குப் பெயர் தந்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருடைய பெயரைத் தாங்கிய இன்னொரு தொலைநோக்கி நமது தேசத்திலேயே, லடாக்கின் தென்கிழக்கு மூலையில், திபெத் எல்லைக்கு அருகே ஹான்லே என்னும் இடத்தில் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரம். மழைமேகங்களை மலைகள் தடுத்துவிடுவதால் காற்று உலர்ந்தும் தெளிந்தும் இருக்கிறது. சுற்றிலும் ஆட்டுமந்தைகளோடு அலையும் சாங்பா மக்களின் கூடாரங்களும், பழைமையான ஒரு பௌத்த மடமும், சில சிற்றூர்களுமே உண்டு.

இரண்டு மீட்டர் அகலமுள்ள ஆடியைக் கொண்ட இமாலய சந்திரா தொலைநோக்கி 2000-ஆம் ஆண்டு அங்கே முதன்முதலாக வானத்தின் ஒளியைப் பெற்றது. பெங்களூரில் வசிக்கும் வாசகர்கள் கோலார் சாலையில் ஹொசகோட்டையைக் கடந்து போயிருப்பீர்கள். பனிமலைமேல் இருக்கும் அந்தத் தொலைநோக்கியை, செயற்கைக்கோள் தொடர்பின் வழியாக, அந்த ஹொசகோட்டையில் அமர்ந்துகொண்டே இயக்குகிறார்கள்.

2022 டிசம்பரில் ஹான்லேயைச் சுற்றி ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று மேலான பரப்பை "இருள் வானக் காப்பகம்" என்று லடாக் நிர்வாகம் அறிவித்தது. காட்டுக்கும் விலங்குக்கும் காப்பகம் கேட்டிருக்கிறோம். இருளுக்கும் ஒரு காப்பகம்! அங்குள்ளவர்கள் சன்னல்களுக்குத் தடித்த திரை போடுகிறார்கள். வாகனங்களின் முகப்பு விளக்குகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. ஊர்மக்களில் இருபதுக்கும் மேற்பட்டோர், அவர்களில் பெண்களும் உண்டு, பயிற்சி பெற்று, கொடுக்கப்பட்ட தொலைநோக்கிகளைக் கொண்டு வருகிறவர்களுக்கு வானத்தைக் காட்டுகிறார்கள். தங்கள் வீடுகளிலேயே தங்கவும் வைக்கிறார்கள். விளக்கைக் கொண்டுவருவதே முன்னேற்றம் என்று நாம் எண்ணியிருக்க, விளக்கைத் தாழ்த்துவதால் ஓர் ஊருக்கு வருமானம் வருகிறது.

அங்கே படமெடுப்பது எளிதன்று. மூச்சுத் திணறும் உயரம். குளிர்காலத்தில் உறைநிலைக்கு இருபது டிகிரிக்கும் கீழே வெப்பம் இறங்கிவிடும். பேட்டரி சீக்கிரமே சோர்ந்துபோகும் என்பதால் அதைச் சட்டைக்குள் உடம்போடு அணைத்து வைத்துக்கொள்கிறார்கள். பூமி மணிக்கு 15 டிகிரி வீதம் சுழல்வதால், சில நொடிகளுக்குமேல் ஷட்டரைத் திறந்துவைத்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். அதைத் தவிர்க்க, பூமிக்கு எதிராக மெதுவாகத் திரும்பும் ஒரு கருவியில் கேமராவைப் பொருத்துகிறார்கள். ஒரே காட்சியை நூறுமுறை எடுத்து அடுக்கும்போது, கேமராவின் இரைச்சல் புள்ளிகள் ஒன்றையொன்று மட்டுப்படுத்திக்கொள்கின்றன. நட்சத்திரமோ ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் இருப்பதால் நிலைத்து நிற்கிறது.

அந்த வானாய்வகத்தின் பொறியாளரும் லடாக்கைச் சேர்ந்தவருமான டோர்ஜே ஆங்சுக், வானப் படங்களுக்குப் பெயர்பெற்றவர். 2024-இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் அவரைக் கௌரவ உறுப்பினராக்கியது. அதே ஆண்டு மே 10-ஆம் தேதி இரவு, சூரியனிலிருந்து வந்த பெரும் புயலால், துருவப் பகுதிகளில் மாத்திரம் காணக்கூடிய துருவ ஒளி ஹான்லேயின் வடவானிலும் செந்நிறமாகப் பதிவானது. இருநூறு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் விடுகிற சிவப்பு அது. வெகுதொலைவில் நிற்கிறவர்களுக்கு அந்த ஒளித்திரையின் உச்சி மாத்திரமே அடிவானத்துக்கு மேலே எட்டிப்பார்க்கும். ஆகவே அங்கே பச்சை இல்லை, சிவப்பு மாத்திரம்.

நகரத்து மாடியிலிருந்து

"இதெல்லாம் லடாக்கில். தாராவியிலோ கரோல் பாக்கிலோ இருக்கும் எங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஊரில் வாசலில் பாய் விரித்துப் படுத்துப் பால்வீதியைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். மும்பையில் பிறந்த நமது பிள்ளைகள் பலர் அதைப் பார்த்ததேயில்லை. உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் மேல், தாங்கள் இருக்கும் இடத்திலிருந்து பால்வீதியைக் காண இயலாது என்று 2016-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. 2011 முதல் 2022 வரை பொதுமக்கள் அனுப்பிய கணக்குகளை ஆராய்ந்த இன்னொரு ஆய்வு, இரவு வானம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சதவீதம் வெளுத்துவருகிறது என்றது. அந்த வேகத்தில், பிறக்கும்போது 250 நட்சத்திரம் தெரிந்த இடத்தில், அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்போது நூறுதான் தெரியும். வானத்தை நோக்கி வீணாகச் சிந்தும் விளக்குகளே காரணம். விளக்கின்மேல் மூடி போட்டு ஒளியைத் தரைக்குத் திருப்பினாலே பாதி குறை தீரும். நமது குடியிருப்புச் சங்கங்களில் பேசத்தக்க காரியம் இது. நாக்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு நற்செய்தி: பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் மகாராஷ்டிரப் பகுதி 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள் வானப் பூங்காவாகப் பன்னாட்டு அங்கீகாரம் பெற்றது.

நகரத்திலும் மிச்சமிருப்பது கொஞ்சமன்று. ஊரைவிட்டு வந்தவர்களுக்கு மாத்திரம் புலப்படும் ஒரு காட்சி உண்டு. துருவ நட்சத்திரம் வடக்கே எத்தனை டிகிரி உயரத்தில் நிற்கிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரியே அந்த ஊரின் அட்சரேகை. திருநெல்வேலியில் அது ஒன்பது டிகிரிக்கும் கீழே, பனைமரங்களுக்குப் பின்னே ஒளிந்திருக்கும். மும்பையில் 19, டெல்லியில் 28. நாம் வடக்கே வர வர அது உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பதிலுக்கு, தெற்கே அகத்திய நட்சத்திரம் தாழ்ந்துவிட்டது. திருநெல்வேலியில் 28 டிகிரி வரை ஏறும் அது, டெல்லியில் ஒன்பதைக்கூட எட்டுவதில்லை. இரண்டும் இடம் மாறிக்கொண்டன என்றே சொல்லலாம். வடக்கு நோக்கிக் கேமராவை வைத்து, ஒரு மணி நேரம் அடுத்தடுத்துப் படமெடுத்து அடுக்கினால், எல்லா நட்சத்திரங்களும் வட்டக்கோடுகளாக வளைய, துருவ நட்சத்திரம் மாத்திரம் ஏறக்குறைய அசையாமல் நிற்கும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை முன்னிரவில் பார்க்கவேண்டியது ஓரியன். யோபுவின் புத்தகத்திலும் ஆமோஸிலும் மிருகசீரிஷம் என்று நாம் வாசிப்பது அதையே. அதற்கு அருகே மங்கிய கொத்தாய்த் தெரிவது அறுமீன். மாடியில் தெருவிளக்கு நேராகப் படாத மூலையைத் தேடுங்கள். கைபேசியைக் கையில் பிடிக்கவேண்டாம். முக்காலி இல்லையென்றால் இரண்டு செங்கல்லுக்கு நடுவே சாய்த்து வையுங்கள். தொட்டால் அசையும் என்பதால் மூன்று நொடி டைமர் போடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். கைபேசியில் "ப்ரோ" என்ற பகுதி இருந்தால் ஷட்டரை நான்கு நொடிக்கு வைத்து எடுங்கள்; படம் வெளுத்தால் நேரத்தைக் குறையுங்கள். இருபது படம் எடுத்தால் இரண்டு தேறும். பிள்ளைகளையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது அவர்கள் நம்மைவிட முதலில் கண்டுபிடிப்பார்கள்: தோளிலிருக்கும் திருவாதிரை ஆரஞ்சு நிறம், எதிர்மூலைக் காலிலிருக்கும் ரைஜல் நீலவெள்ளை. யாரும் தீட்டிய நிறமன்று. ஒன்று குளிர்ந்த நட்சத்திரம், மற்றது மிகுந்த வெப்பமுள்ளது. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களிலிருந்து தொங்குகிற சிறு வாளின் நடுவே, புள்ளியாக இல்லாமல் சற்றே கரைந்த பொட்டு ஒன்று பதிந்திருந்தால், அதுதான் டிரேப்பர் 51 நிமிடங்கள் காத்திருந்து எடுத்த நெபுலா.